நீரை மட்டும் அளந்துவிட்டு எண்ணூர்க் கழிமுகத்தைத் தோண்டாதீர்கள்

எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்வாரும் பணிக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவினருக்கும்:

கழிமுக நீரில் கன உலோகங்கள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கின்றன, அதனால் தூர்வாருவதால் நீரின் தரம் கெடாது என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் உங்கள் தரப்பில் வாசித்துக் காட்டினார்கள். முதற்பாதி உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து இரண்டாம் பாதி பிறக்காது. நீங்கள் அளந்தது நீரை, தோண்டப்போவது சேற்றை. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது, கலக்கினால் அதில் எவ்வளவு நீருக்குள் வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த அறிக்கையில் பதில் இல்லை. கூட்டத்தில் கேட்டோம். பிறகு பார்க்கலாம் என்றார்கள். எந்திரங்கள் வந்து இறங்கிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால் இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இந்தக் கழியின் கரையில் பிறந்தவள். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் அம்மாவும் அத்தைகளும் இடுப்பளவு நீரில் இறங்கி, பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவர்கள். இன்றும் எங்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். வலை வீசுகிறவர்களுக்கு நீரைத் தெரியும். இவர்களுக்குச் சேற்றைத் தெரியும். எந்த இடத்தில் சேறு கொழகொழவென்று இருக்கிறது, எங்கே சாம்பல் படிந்து காலுக்குக் கட்டியாகத் தட்டுப்படுகிறது, எங்கே மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்புகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்களை உங்கள் ஆய்வில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில், மாதிரி எடுத்த விதம். வந்தவர்கள் கடல்நீர் உள்ளே ஏறும் பெருக்கு நேரத்தில் வந்தார்கள். படகில் நடு ஓடைக்குப் போய் மேல்நீரை மொண்டு குப்பியில் அடைத்துக்கொண்டு போனார்கள். பெருக்கு நேரத்தில் கழிக்குள் நிறைந்திருப்பது வங்காள விரிகுடாவின் நீர். அதை எடுத்துச் சோதித்தால் விரிகுடா நன்றாக இருக்கிறது என்று தெரியும். கழி எப்படி இருக்கிறது என்று தெரியாது. நீர் கடலுக்கு இறங்கும் வற்ற நேரத்தில், அதுவும் வற்றம் முடியும் கட்டத்தில், சேற்றுக்குள் ஊறியிருந்த நீர் கசிந்து ஓடையில் சேர்கிறது. சேறு எதைக் கொடுக்கிறது என்று அறிய அந்த நேரத்தில், அடிமட்டத்தை ஒட்டி எடுக்க வேண்டும். விடியலுக்கு முன் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்போதுதான் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும்.

சேறு கழிவுகள் போய் முடிகிற இடம் என்ற எண்ணம் உங்கள் அறிக்கை முழுவதும் ஓடுகிறது. உண்மையில் சேறு, எங்கள் வீடுகளில் முன்பு இருந்த நெல் கொட்டி வைக்கும் குதிர் போன்றது. மேல் வாயில் கொட்டியது கீழ் வாயில் வெளியே வரும். ஆற்று நீரிலும் கழிவு நீரிலும் வரும் உலோகங்களில் பெரும்பகுதி நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. அதனால்தான் மேல்நீரில் குறைவாகத் தெரிகிறது. நீரில் குறைவாக இருப்பது சேற்றில் அதிகமாக இருப்பதன் அடையாளமாகக்கூட இருக்கலாம் என்பதை உங்கள் நிபுணர்கள் அறியாதவர்கள் அல்லர்.

சேற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கோரிக்கைகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. கழிமுகச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அந்த மெல்லிய மேற்பரப்பு பழுப்பாக இருக்கும். இரும்பும் மாங்கனீசும் துருவாக அங்கே படிந்திருப்பதால் வரும் நிறம் அது. பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் முதலில் மாங்கனீசையும் இரும்பையும், பிறகு சல்ஃபேட்டையும் பயன்படுத்தி மட்கும் கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே வராது. அதிலிருந்து வருவதுதான் அந்த முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கருப்பாக்குகிறது. காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவை அந்தச் சல்ஃபைடோடு பிணைந்து அசையாமல் கிடக்கின்றன.

இப்படி இரண்டு பிடிகள் இருக்கின்றன. பழுப்பு மண்ணின் பிடி, ஆக்சிஜன் இல்லாமல் போனால் தளர்கிறது. துரு கரைந்து பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் சேற்றின் இடைநீரில், அதாவது துகள்களுக்கு இடையே தேங்கும் நீரில், சேர்கின்றன. கருஞ்சேற்றின் பிடி, ஆக்சிஜன் பட்டால் தளர்கிறது. சல்ஃபைடு சிதைந்து காட்மியமும் துத்தநாகமும் செம்பும் வெளிவருகின்றன. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, நீர் ஓட்டமில்லாமல் வெப்பமேறிக் கிடக்கும்போது முதலாவது நடக்கிறது. தூர்வாரும் எந்திரம் கருஞ்சேற்றை அள்ளி மேலே கொண்டுவரும்போது இரண்டாவது நடக்கிறது. அது மட்டுமல்ல, இடைநீரில் ஏற்கெனவே கரைந்து தேங்கியிருந்த அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் அதே நேரத்தில் ஓடையில் கொட்டுகின்றன. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளிவந்தது எல்லாம் அப்படியே கரைந்து நிற்கும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக உண்டாகும் இரும்புத் துரு அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படியும். எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு தப்பும் என்பது அந்தச் சேற்றைப் பொறுத்தது. அதில் சல்ஃபைடு எவ்வளவு, அதோடு பிணைந்த உலோகம் எவ்வளவு, சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பு எவ்வளவு, களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அளந்தால் சொல்லிவிடலாம். அளக்காமல் ஒருவராலும் சொல்ல முடியாது. உங்கள் அறிக்கை அளக்காமலே சொல்லியிருக்கிறது.

எண்ணூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே படிந்திருப்பது ஆற்று வண்டல் மட்டுமல்ல. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதியிலும் கழியிலும் பல ஆண்டுகளாகச் சாம்பல் படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், செலினியம், குரோமியம், ஈயம், பாதரசம் எல்லாம் சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஆர்சனிக்கும் செலினியமும் காட்மியம்போல நடந்துகொள்பவை அல்ல. அவை நீரில் வேறு வடிவத்தில் நிற்பவை, வேறு நிலைமைகளில் நகர்பவை. சாம்பல் அடுக்குக்குக் கீழே பழைய கருஞ்சேறு, அதற்கும் கீழே ஆற்று மணல் என்று இடத்துக்கு இடம் அடுக்கு மாறும். மேலாக ஒரு கை அள்ளிக் கலந்து சராசரி எடுத்தால் அந்த எண் எந்த அடுக்கையும் காட்டாது. நீங்கள் தோண்டப்போகும் ஆழம் வரை குழாய் இறக்கி, மண்ணை அடுக்கு கலையாமல் எடுத்து, அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

இது வெறும் பாடப்புத்தகப் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரை ஒட்டிய ஒரு கால்வாய்த் துண்டை ஓர் ஒப்பந்ததாரர் பொக்லைன் வைத்து அள்ளினார். யார் என்று இங்கே எழுதவில்லை. எனக்கு வேண்டியது வழக்கு அல்ல. அள்ளத் தொடங்கிய அன்றே நீர் மைபோலக் கறுத்தது. நாற்றம் தெருவரை வந்தது. கழி நண்டுகள் நீரைவிட்டுக் கரையேறி அலையாத்தி வேர்களைப் பற்றிக்கொண்டு நின்றன. மடவை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிள்ளைகள் அதை வெறுங்கையால் பிடித்தார்கள். பெரியவர்கள் அதைத் தின்னவிடவில்லை. சல்ஃபைடு நிறைந்த சேறு ஒரேயடியாகக் கலங்கும்போது நீரிலிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன் மூச்சுத் திணறியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். வெயிலில் அது வெடித்துக் காய்ந்தது. மேலே துருநிறம் பூத்தது. மழை பெய்ததும் அடியிலிருந்து கசிந்த நீரைப் பள்ளியிலிருந்து எடுத்துச் சென்ற நீல லிட்மஸ் தாளால் தொட்டுப் பார்த்தேன். வெறும் கருஞ்சேறு குவிந்திருந்த பக்கம் தாள் சிவந்தது. சிப்பி ஓடு கலந்திருந்த பக்கம் நிறம் மாறவில்லை. காற்றுப்பட்ட சல்ஃபைடு கந்தக அமிலமாகிறது, சுண்ணாம்பு இருந்தால் அது அடங்குகிறது என்று வகுப்பில் எழுதிப்போட்டது அங்கே கண்முன் நடந்தது. அமிலம் வந்தால் உலோகங்கள் இன்னும் எளிதாகக் கரையும். அந்தக் கசிவு ஓடிய வழியில் உமரிச் செடிகள் கருகிப்போயின. உப்பு நீரில் நின்று வளர்கிற உமரியே கருகினால் மற்றவற்றைச் சொல்ல வேண்டுமா? மனு கொடுத்தோம். பல நாள் கழித்து வந்து நடு ஓடையில் நீர் எடுத்தார்கள். வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. கடலோர நீருக்கு எஸ்.டபிள்யூ-1 முதல் எஸ்.டபிள்யூ-5 வரை வகுப்புகள் வகுத்திருக்கிறார்கள். அந்த வகுப்புகள் நீரைப் பற்றியவை. அடிமண் அவற்றுக்குள் வருவதில்லை. சேற்றுக்குள் வாழும் புழுவும் மட்டியும் நண்டும், அதைக் கையால் துழாவும் பெண்ணும் அந்தக் கணக்கில் இல்லை. மட்டி நீரை வடிகட்டி உண்பது. கலங்கிய துகள் அதன் உடலுக்குள் நேராகப் போகிறது. அதை நாங்கள் உண்கிறோம், விற்கிறோம்.

ஊட்டச்சத்துகளைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரிகூடக் காணவில்லை. இதைச் சிறிய விஷயமாக விட்டுவிடக் கூடாது. ஆழம் குறைந்த கடலோர நீரில் நுண்பாசிகளுக்கு வேண்டிய நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் கணிசமான பங்கு அடிமண்ணிலிருந்துதான் திரும்பி வருகிறது. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி நீரை உள்ளே இறைத்து இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பெருக்குகின்றன. அதே சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி, மிகுதியை ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஊர்க் கழிவுநீர் வந்து சேரும் ஒரு கழிமுகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அளவோடு நடக்கும்போது இறால் குஞ்சு வளர்வது இதனால்தான். அளவு மீறி, அடியில் ஆக்சிஜன் அற்றுப்போனால் பாஸ்பேட் கட்டற்று வெளிவந்து பாசி பெருகும். பாசி செத்து அடியில் விழும், இருக்கும் ஆக்சிஜனும் போகும், மேலும் பாஸ்பேட் வரும். ஆகவே சேறு முழுவதையும் சுரண்டி எடுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. கழி ஆழப்பட வேண்டும், முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், நீர் ஓட வேண்டும் என்று முதலில் கேட்டதே எங்கள் ஊர்க்காரர்கள்தாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்து எடுங்கள் என்கிறோம்.

தெரிந்து எடுத்த ஊர் உண்டு. ஜப்பானில் மினமாட்டா வளைகுடாவில் ஆலை பாதரசக் கழிவு விடுவதை 1968-இல் நிறுத்தியது. நிறுத்தியதும் கடல் தானாகத் தேறிவிடவில்லை. பாதரசம் அடிச்சேற்றில் இருந்தது. 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் பாதரசம் கொண்ட சேறு எது என்று வரையறுத்து, 1977 முதல் 1990 வரை அதை அகற்றும் பணியைச் செய்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் கனமீட்டர் சேற்றை அகற்றி அடைத்து மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். நஞ்சேறிய மீன் வெளியே போகாதபடி வளைகுடாவின் வாயில் 1974-இல் கட்டிய வலையை 1997-இல்தான் அகற்றினார்கள். எண்ணூரின் நஞ்சு மினமாட்டாவின் நஞ்சு அல்ல, அளவும் வேறு. ஆனால் அவர்கள் சேற்றை அளந்த பிறகு தோண்டினார்கள், தோண்டும்போதும் அளந்தார்கள். நாம் அந்த ஒழுங்கைக் கேட்பது மிகையான ஆசை அல்ல. இங்கேயே 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசு வழக்கில் கழிமுகத்தைச் சீரமைக்கும்படி ஆணையிட்டிருக்கிறது. சீரமைப்பு என்பது நஞ்சை அடியிலிருந்து எடுத்து நீருக்கும் கரைக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாக முடிந்துவிடக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சேற்றை அடுக்கு அடுக்காகச் சோதித்து முடிக்கும்வரை ஒரு வாளிச் சேறும் அள்ளப்படக் கூடாது. கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறை சோதிக்க வேண்டும். மொத்த உலோக அளவு மட்டும் போதாது. சல்ஃபைடு எவ்வளவு, அதோடு பிணைந்த உலோகம் எவ்வளவு, இடைநீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று தனித்தனியே அளவிட வேண்டும். களிமண்ணும் மணலும் இடத்துக்கு இடம் மாறுவதால் களிமண்ணில் மிகுந்திருக்கும் அலுமினியத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். மணல் நிறைந்த இடத்தில் மாதிரி எடுத்து உலோகம் குறைவு என்று காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

கழியின் நீரிலேயே சேற்றைக் கலக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு பங்கு சேற்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து அரை மணி நேரம் குலுக்கி, தெளியவைத்து, மேல்நீரில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது. செலவு பெரிதல்ல. ஒவ்வோர் அடுக்குக்கும் அதைச் செய்யுங்கள். அடிமண்ணின்மேல் மூடிய பெட்டி கவிழ்த்து, சேற்றிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து சேற்றுக்கும் மணிக்கணக்கில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று நேரடியாக அளப்பதையும் செய்ய வேண்டும். இவற்றை ஒப்பந்ததாரர் அமர்த்தும் ஆய்வகம் செய்யக் கூடாது. பல்கலைக்கழகமோ அரசின் கடலாய்வு நிறுவனமோ செய்ய வேண்டும். மாதிரி எடுக்கும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும்போது கையால் இறால் பிடிக்கும் பெண்களும் உடன் இருக்க வேண்டும்.

அள்ளும் சேறு கரையிலும் அலையாத்திக் காட்டிலும் உப்பங்கழியின் தாழ்வான நிலத்திலும் குவிக்கப்படக் கூடாது. எங்கே போகிறது, அடியில் கசியாமல் எப்படி அடைக்கப்படுகிறது, அதிலிருந்து வடியும் நீர் எங்கே திரும்புகிறது, அதன் அமிலத்தையும் உலோகத்தையும் யார் அளப்பார்கள் என்று வேலை தொடங்கும் முன் எழுத்தில் தாருங்கள்.

வேலை நடக்கும்போது சுற்றிலும் சேற்றுத் தடுப்புத் திரை கட்ட வேண்டும். ஆக்சிஜனையும் கலங்கலையும் அம்மோனியாவையும் இரவும் பகலும் அளக்கும் கருவிகள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் எந்த அளவுக்குக் கீழே போனால் எந்திரம் நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தளத்தில் நிற்பவருக்கே இருக்கட்டும். இறால் குஞ்சு கழிக்குள் வரும் காலத்தில் வேலை வேண்டாம். அது எந்தக் காலம் என்பதை எங்கள் ஊர்களில் கேட்டு முடிவு செய்யுங்கள். வேலை நடக்கும் நாள்களில் நீரில் இறங்க முடியாத குடும்பங்களுக்கு, படகு இல்லாத பெண்களையும் சேர்த்து, இழப்பீடு வேண்டும். இழப்பீட்டுப் பட்டியலைப் படகுப் பதிவை மட்டும் வைத்துப் போடாதீர்கள். அதில் அவர்கள் பெயர் வருவதே இல்லை.

மட்டி, நண்டு, இறால், மடவை ஆகியவற்றின் உடலில் உள்ள உலோக அளவை வேலைக்கு முன்னும் பின்னும் சோதித்து, உண்ணத் தகுந்ததா என்று ஊரில் தமிழில் ஒட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, புதிய சாம்பல் விழுவதை நிறுத்துங்கள். கசியும் குழாயை மாற்றாமல் கழியைத் தூர்வாரினால், சில பருவங்களில் அதே சாம்பலை மறுபடி அள்ள வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் சேறு கலங்கும்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கையையும், மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தையும், எடுத்த நாள், நேரம், அப்போது பெருக்கா வற்றமா என்ற விவரங்களையும் தமிழில் வெளியிட்டு, அடுத்த கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாக ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நிபுணர் குழுவிலிருந்து வேதியியல் தெரிந்த ஒருவரேனும் நேரில் வர வேண்டும். கேள்விகளை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழிக்கரையில் வாழும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை